தேர் கேட்ட வீதி, ஆலை கேட்ட நிலம்

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் பார்க்கப் போகிறவர்கள் தேரைத்தான் பார்ப்பார்கள். நாமும் பல ஆண்டுகள் அப்படித்தான் பார்த்தோம். வடம் பிடித்த கூட்டம், முட்டுக்கட்டை போடுகிறவர்களின் கூச்சல், அசைந்து வரும் அலங்காரச் சீலைகள் என்று கண் எல்லாம் மேலேயே இருக்கும். ஒருமுறை கூட்ட நெரிசலில் ரதவீதி மூலையில் ஒதுக்கப்பட்டு நின்றபோதுதான் கீழே பார்க்க வாய்த்தது. இவ்வளவு பெரிய தேர் திரும்புவதற்கு இவ்வளவு இடம் வேண்டும்; அந்த இடம் அங்கே இருந்தது. அதைவிட்டு விலகி வீடு கட்டிக்கொண்டவர்கள் யாரோ இருந்திருக்கிறார்கள். எந்தக் கல்வெட்டிலும் அவர்கள் பெயரைத் தேடி நாம் போனதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

இக்கட்டுரை தேரைப் பற்றியதன்று. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்னும் இரண்டு ஊர்கள் தமக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டு வந்தன, கேட்டபோது என்ன கொடுத்தன என்பதைப் பற்றியது. இரு ஊர்களுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இன்று அந்த இடைவெளி முழுவதும் மனைக்கற்கள் முளைத்து வருகின்றன. இரண்டையும் இணைத்து 'இரட்டை நகரம்' என்று பேசுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். வணிக வளாகம் வேண்டும், அகலமான சாலை வேண்டும், தனி மாவட்டம் வேண்டும் என்று கோரிக்கைகள் நீள்கின்றன. கேட்பதில் தவறில்லை. கேட்கும் முறைக்கு இந்த மண்ணில் ஒரு வரலாறு உண்டு; அதை அறிந்துகொண்டு கேட்டால் நல்லது என்பதே நம் எண்ணம்.

காடு திருத்திய கதை

ஸ்ரீவில்லிபுத்தூரின் தலபுராணமே நிலத்தைத் திருத்திய கதைதான். மல்லி என்னும் அரசியின் மக்களான வில்லி, கண்டன் இருவரும் வேடர் தலைவர்கள். வேட்டைக்குப் போன கண்டனைப் புலி கொன்றது. தம்பியைத் தேடிக் களைத்துத் துயின்ற வில்லியின் கனவில் பெருமாள் தோன்றி, காட்டை அழித்துக் கோயிலும் ஊரும் அமைக்கச் சொன்னார் என்பது ஐதிகம். வில்லி அமைத்த புதிய ஊர் வில்லிபுத்தூர். இன்றைய மொழியில் சொன்னால் ஊரை நிறுவியவர்களுள் ஒருவர் நில மேம்பாட்டாளர்! ஆனால் புராணம் ஒரு வரிசையை விடாமல் சொல்கிறது: முதலில் கோயில், பிறகு வீதி, அதன் பிறகே குடிகள். பொதுவுக்கு உரியது குறிக்கப்பட்ட பின்னரே தனக்கு உரியது அளக்கப்பட்டது.

இந்த வரிசை ஊரின் அமைப்பில் இன்றும் தெரிகிறது. பதினொரு நிலைகளோடு 190 அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கும் வடபத்ரசாயி கோயில் ராஜகோபுரம், அதைச் சூழ்ந்த வீதிகள், திருமுக்குளம், சற்றுத் தள்ளிப் பெரியகுளம் கண்மாய். தமிழக அரசின் முத்திரையில் உள்ளது இந்தக் கோபுரமே என்று ஊரார் உறுதியாகச் சொல்வர். மதுரைக் கோபுரம் என்று வாதிடுவோரும் உண்டு. அந்த வழக்கில் நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. வழக்கு என்றதும் நினைவுக்கு வருவது, 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் இவ்வூரில் எழுப்பிய அரண்மனை. பின்னாளில் அது நீதிமன்றமாகப் பயன்பட்டது. மன்னர் கட்டியதைக் கூடப் பொதுவுக்கு மாற்றிப் பயன்படுத்திய ஊர் இது.

தேர்வீதியின் அருமையை வெளியிலிருந்து வந்த ஒருவர் நன்றாகப் புரிந்துகொண்டார். ஸ்காட்லாந்துக்காரரான பாட்ரிக் கெடிஸ் 1914இல் சென்னைக்கு வந்தவர். தென்னகக் கோயில் நகரங்களின் அமைப்பை வியந்து போற்றியவர். அவருடைய இந்தூர் அறிக்கை 1918இல் வெளியாயிற்று. இந்தூரில் அவர் செய்த ஒரு காரியத்தைக் கதைபோலச் சொல்வார்கள். கொள்ளைநோய் அஞ்சிய அந்நகரில், தீபாவளி ஊர்வலம் இம்முறை வழக்கமான வழியில் போகாது, எந்தத் தெருவில் வீடுகள் நன்கு துப்புரவாக்கப்பட்டுச் செப்பனிடப்பட்டிருக்கின்றனவோ அந்தத் தெரு வழியாகவே போகும் என்று அறிவித்தாராம். தெருக்கள் போட்டி போட்டுக்கொண்டு தூய்மையாயின. அபராதம் போட்டு முடியாததை ஊர்வலம் முடித்தது.

கெடிஸ் புதிதாகக் கண்டுபிடித்தது போலத் தோன்றும் இதைத்தான் நம் ரதவீதிகள் நூற்றாண்டுகளாகச் செய்து வந்தன. தேர் நம் வாசலுக்கு வர வேண்டுமென்றால் திண்ணையை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். 'எனக்கு வேண்டும்' என்று கேட்கிறவன் 'நான் இவ்வளவு விடுகிறேன்' என்றும் சொல்லியாக வேண்டும். சென்னை மாகாணத்தின் நகரமைப்புச் சட்டம் 1920இல் வந்தது. அதற்கு முன்பே ஓர் எழுதப்படாத நகரமைப்புச் சட்டம் ஆண்டுக்கொரு முறை வடம் பிடித்து நிறைவேற்றப்பட்டுக்கொண்டிருந்தது.

சங்கு ஊதிய ஊர்

ராஜபாளையத்தின் கதை வேறு. விஜயநகரக் காலத்தையொட்டித் தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே வந்த ராஜுக்கள் இங்கே குடியமர்ந்தனர். சிங்கராஜாகோட்டை, பழையபாளையம், புதுப்பாளையம் என்று இன்றும் வழங்கும் பெயர்களே அக்குடியேற்றத்தின் படம். பகுதிக்கொரு சாவடி, சாவடியில் கூடிப் பேசி முடிவெடுக்கும் வழக்கம். இங்கே ஊரைக் கூட்டியது கோபுரமன்று, சாவடி.

1904இல் மலையைக் குடைந்து செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. விருதுநகரிலிருந்து தென்காசிக்குப் பாதை திறக்கப்பட்டது 1927இல். பருத்தி விளையும் கரிசல் ஒருபுறம், கொல்லத்துத் துறைமுகம் மறுபுறம், நடுவே ராஜபாளையம். வாய்ப்பு வந்தது. ஆனால் வாய்ப்பு வந்த ஊர்களெல்லாம் தொழில் நகரமாகிவிடவில்லை. பி.ஏ.சி. ராமசாமி ராஜா முன்னின்று 1936இல் ராஜபாளையம் மில்ஸ் பங்கு நிறுவனமாகத் தொடங்கப்பட்டது. 1939இல் அறுவை மருத்துவத்துக்கான பஞ்சுக்கென்று ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் எழுந்தது. அண்டையிலுள்ள சத்திரப்பட்டித் தறிகள் மருத்துவமனைகளுக்கான துணிக்கட்டை நெய்யலாயின. ஆலைச் சங்குக்கு எழுந்து, சங்குக்கு உண்டு, சங்குக்கு உறங்கும் ஊராக ராஜபாளையம் மாறிற்று.

மூலதனம் பங்குகளாகத் திரளும் பழக்கத்துக்கு இப்பகுதியில் முன்மாதிரி இல்லாமலில்லை. விருதுநகர், சிவகாசி வணிகர்களிடையே 'மகமை' என்ற வழக்கம் இருந்தது. விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகையைப் பொதுவுக்கென்று எடுத்துவைப்பது மகமை. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே போட்டுவைப்பது பிடியரிசி. விருதுநகரில் 1889இல் தொடங்கப்பட்ட சத்திரிய வித்தியாசாலை இத்தகைய திரட்டால் வளர்ந்ததுதான். காமராஜர் படித்த பள்ளி அது. அரசாங்கம் வரி போடுமுன் தம்மேல் தாமே வரி போட்டுக்கொண்ட மக்கள் இவர்கள். அத்தகையவர்கள் மனு எழுதிக்கொண்டு போனபோது அந்த மனுவுக்கு ஒரு கனம் இருந்தது.

ராஜபாளையத்து பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் தலைமை அமைச்சராக இருந்தார். நாடு குடியரசானபோது அந்த நாற்காலியில் இருந்தவர் அவரே. 1952 தேர்தலில் தோற்றார்; பிறகு ஒடிசாவின் ஆளுநரானார். தம் சொந்த வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர் அவர். ஊரின் நடுவே உள்ள ஒரு மனையின் விலை என்னவென்று அறிந்த எவரும் இந்தச் செய்தியைச் சற்று நின்று படிக்க வேண்டும்.

மனுவோடு நடந்த காலங்கள்

இவ்விரு ஊர்களும் எங்கே போய்க் கேட்பது என்பதே நெடுநாள் சிக்கலாக இருந்தது. 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரித்து ராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்பட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் அதில் சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், ராமநாதபுரம் மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் பல பத்தாண்டுகள் மதுரையில் இயங்கிற்று! ஒரு மாவட்டத்தின் மனுவை இன்னொரு மாவட்டத்தின் நகரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 1985 மார்ச் 15இல் ராமநாதபுரம் மூன்றாகப் பிரிந்தபோது விருதுநகரைத் தலைநகராகக் கொண்டு காமராஜர் மாவட்டம் பிறந்தது. 1997இல் விருதுநகர் மாவட்டம் எனப் பெயர் மாறிற்று.

அப்பிரிவினையில் ஒரு பங்கீடு தெரிகிறது. ஆட்சியர் விருதுநகரில். மாவட்ட முதன்மை நீதிமன்றம் இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூரில். வணிகமும் ஆலையும் ராஜபாளையத்தில். ஒரே ஊர் எல்லாவற்றையும் விழுங்கிவிடவில்லை. நாடாளுமன்றத்தைப் பொறுத்தவரை 1952இல் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதி காமராஜரை மக்களவைக்கு அனுப்பியது. பிறகு இப்பகுதி சிவகாசித் தொகுதியோடு இருந்தது. 2009 முதல் இரு ஊர்களும் தென்காசித் தொகுதியில் உள்ளன. ஆக மாவட்டம் விருதுநகர், தொகுதி தென்காசி. சாலைக்கு ஒரு திசையிலும் ரயிலுக்கு இன்னொரு திசையிலும் நடக்க வேண்டியிருக்கிறது. இரட்டை நகரமாக ஒரே குரலில் கேட்போம் என்ற எண்ணம் இந்த அலைச்சலில்தான் முளைத்தது. அதில் நியாயம் உண்டு.

கேட்டுப் பெற்றவையும் உண்டு. மீட்டர் பாதை அகலப்பாதையாயிற்று. 2004இல் பொதிகை விரைவு ரயில் செங்கோட்டையிலிருந்து சென்னைக்கு ஓடத் தொடங்கியது. மலைக்கு அப்பால் புனலூர் வரையிலான பாதையும் மாற்றப்பட்டு 2018இல் கொல்லத்தோடு மீண்டும் இணைப்புக் கிடைத்தது. ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டிக்குப் போகும் சாலையில் ரயில்வே கேட் அடைத்துவிட்டால் ஊர் இரண்டாகிவிடும். அங்கே மேம்பாலம் வேண்டுமென்று எத்தனை ஆண்டுகள் கேட்டார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், கேட்பதற்கும் ஒரு தவம் வேண்டும் என்று தோன்றும்.

மனைக்கல் முளைத்த கதை

2011 கணக்கெடுப்பின்படி ராஜபாளையம் நகராட்சியில் ஏறத்தாழ 1,30,000 பேர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறத்தாழ 75,000 பேர். இரண்டையும் கூட்டினால் இரண்டு லட்சத்தைத் தாண்டும். இந்தக் கூட்டல்தான் மனை விற்பவர்களின் முதல் வாசகம். மதுரைக்குப் போகும் வழியில் கிருஷ்ணன்கோவிலில் 1984இல் பொறியியல் கல்லூரி வந்தது; அதைச் சுற்றி வளர்ந்தவை பலரும் அறிந்தவை. 208 என்ற எண்ணில் இருந்து இப்போது 744 ஆகியிருக்கும் திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையில், திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் வரை நான்குவழிச்சாலை என்ற செய்தி வந்ததும் வயல்களின் விலை ஓரிரவில் மாறிற்று. நெல் விளையும் நிலத்துக்கு நெல்லின் விலையில்லை, சாலையின் விலை.

இங்கே நாமும் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் இரு ஊர்களுக்கும் நடுவே நான்கு சென்ட் மனை ஒன்று வாங்கினோம். விலை குறைவு, மாதத் தவணை, கோபுரம் தெரியும் என்று சொன்னார்கள், தெரியவும் செய்தது. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா என்று நாம் கேட்கவில்லை. இலக்கணப் பிழையொன்றை மாணவரின் தாளில் விடாமல் சுழிக்கும் நாம், பத்திரத்தை ஒருமுறைகூட முழுதாகப் படிக்கவில்லை. 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென்று சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டபோதுதான் நம் மனையும் அந்தக் கணக்கில் உள்ளது என்று தெரிந்தது. 1971இன் நகர் ஊரமைப்புச் சட்டம் கால் நூற்றாண்டுக்கு மேலாக நடைமுறையில் இருந்தபோதே இவையெல்லாம் நடந்தன என்பதையும் அன்றுதான் அறிந்தோம். 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. கட்டணம் கட்டினோம். தாள் சரியாயிற்று.

நிலம் சரியாகவில்லை. அந்த ஆண்டு ஐப்பசி மழையில் மனையைப் பார்க்கப் போனோம். கீழ்ப்புற எல்லைக்கல் தண்ணீரில் இருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "இது வாய்க்கால்லயா, கண்மாய்க்குப் போற தண்ணி. அது வந்த வழியாத்தான வரும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். விலகி வீடு கட்டிக்கொண்ட அந்தப் பெயர் தெரியாத ரதவீதிக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் தேருக்கு விட்டார்கள். நாம் தண்ணீரின் தெருவை வாங்கியிருக்கிறோம்.

நீரின் வரைபடம்

மேற்கே தொடர்ச்சி மலை. அங்கிருந்து இறங்கும் சிற்றாறுகள் கோடையில் மணல், மழையில் வெள்ளம். ராஜபாளையத்தின் குடிநீருக்கு ஆறாவது மைல் நீர்த்தேக்கம் அய்யனார்கோவில் ஆற்றை நம்பியிருப்பது. அது போதாமல் தாமிரபரணியிலிருந்து நீர் கொண்டுவரும் திட்டம் வந்தது. மலையிலிருந்து ஒரு கண்மாய், அது நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்தது, பின் அடுத்தது என்று சங்கிலியாக அமைத்த முன்னோர், மழை ஓர் ஆண்டு பெய்யும், மறு ஆண்டு பொய்க்கும் என்று அறிந்து அமைத்தார்கள். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மேலே உள்ள ஊரில் வெள்ளம், கீழே உள்ள ஊரில் வறட்சி. ஏரி, கண்மாய்களைக் காக்க 2007இல் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் கண்மாயின் கரையைக் காக்கும். கண்மாய்க்கு வரும் வாய்க்காலை வாங்குகிறவனும் விற்கிறவனும் மறந்துவிட்டால் கரை மட்டும் இருந்து பயனென்ன?

மலையின் பக்கமும் ஒரு பழைய கோரிக்கை உண்டு. பிளவக்கல் அணைப்பகுதிக் கிழவன்கோவிலிலிருந்து வருசநாட்டுக்கு மலைச்சாலை வேண்டும் என்பது. தேனிக்குச் சுற்றிப் போகும் தொலைவு குறையும் என்பது உண்மை. ஆனால் 1988இல் சாம்பல்நிற அணில்களுக்கான சரணாலயமும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமும் அமைந்த காடு அது. கண்டனைக் கொன்ற புலியைப் புராணம் பகையாகப் பார்த்தது. இன்றோ அந்தப் புலி இருக்கும் காடுதான் நம் குழாயில் வரும் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கிறது என்று அறிவியல் சொல்கிறது. மலைச்சாலை கேட்பவர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. வத்திராயிருப்பு விவசாயியின் சரக்குக்கு அந்தத் தொலைவு உண்மையான செலவு. அந்தச் செலவைக் குறைக்க மலையைத் தவிர வேறு என்ன வழி என்பதையும் அதே மனுவில் கேட்கலாம் என்கிறோம்.

என்ன கேட்கலாம்?

இரட்டை நகரம் வேண்டும் என்பவர்களோடு நமக்குப் பிணக்கில்லை. ராஜபாளையத்துப் பிள்ளை ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் வழக்காடவும், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா ராஜபாளையத்து ரயிலேறவும் காலங்காலமாக ஊர்கள் கலந்தே இருக்கின்றன. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பால்கோவாவுக்கும் மேய்ச்சல் நிலம் வேண்டும் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இரு நகராட்சிகளுக்கும் இடைப்பட்ட ஊராட்சிகளுக்கும் சேர்த்து ஒரே முழுமைத் திட்டம் கேட்கலாம். அதில் முதல் தாளாக நீரின் வரைபடம் இருக்க வேண்டும்: எந்தக் கண்மாய், எந்த வாய்க்கால், எந்த மறுகால். அதன் மேல் சாலையை வரையலாம். சாலையின் மேல் கடைவீதியை வரையலாம். மனை அதற்குப் பிறகு. வில்லியின் புராணம் சொன்ன அதே வரிசைதான் இது. நான்குவழிச்சாலையால் விலை ஏறிய நிலத்தின் சொந்தக்காரர்கள் அந்த ஏற்றத்தில் ஒரு மகமையைக் கண்மாய் தூர்வார எடுத்துவைக்கலாம். இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிடியரிசிக்கு எந்தச் சட்டமும் இருந்ததில்லை.

நம் மனைப்பிரிவில் பதினான்கு பேர் இடம் வாங்கியிருக்கிறோம். சென்ற தைப்பொங்கலுக்குப் பிறகு அவர்களுள் ஒன்பது பேரைக் கூட்டிக் கீழ்ப்புறத்தில் ஆளுக்குச் சில அடி விட்டு வாய்க்காலைத் திறந்துவிடலாமா என்று கேட்டோம். மூவர் உடனே சரி என்றனர். நால்வர் யோசிப்பதாகச் சொன்னார்கள். இருவர், விடுகிற நிலத்துக்கு யார் விலை கொடுப்பது என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். நம்மிடம் பதில் இல்லை. ஆடிப்பூரத்துக்கு அவர்களைத் தேர் பார்க்க அழைத்திருக்கிறோம். ரதவீதி மூலையில் நின்று பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறோம்.